எல்லா வரிகளும் உட்பட: மென்பொருள் விலையின் கதை

ரெண்டு மாசமா ஆபீஸ்ல ஆணி ஜாஸ்தி, அதனால இந்தப் பக்கம் தலைகாட்ட முடியல. அதுக்குப் பரிகாரமா கொஞ்சம் நீளமான வரலாற்றுப் பதிவு. பக்கத்துல ஒரு டீயை வச்சுக்கிட்டுப் படிங்க :-)

கேள்வி சின்னதுதான். ஒரு மென்பொருளுக்கு விளம்பரத்துல ஒரு விலை போட்டிருக்காங்க. அந்த விலைக்கு நமக்கு என்னென்ன கிடைக்கும்னு விளம்பரம் நேர்மையா சொல்லுதா?

பொட்டி தட்டிப் பிழைக்கிறவன் இதைக் கேட்டா சொந்த இலையிலேயே மண்ணைப் போட்டுக்கிற மாதிரி இருக்கும். இருந்தாலும் கேட்கத் தோணுது. ஏன்னா நம்ம தாம்பரம், கீழ்க்கட்டளை, கூடுவாஞ்சேரி வட்டாரத்துக்கு இந்தக் கதையில கொஞ்சம் பெரிய பங்கே இருக்கு.

முதல்ல மென்பொருளை விட்டுட்டு வீட்டைப் பார்ப்போம். தாம்பரத்துல இருந்து பெருங்களத்தூர், வண்டலூர்னு ஜி.எஸ்.டி. ரோட்டுல போனா வழிநெடுக அடுக்குமாடி விளம்பரப் பலகைதான். (வரி வர்றதுக்கு முன்னாடியே பேர் வச்ச ரோடு சாமி இது. கிராண்ட் சதர்ன் டிரங்க் ரோடு!) ஒரு காலத்துல பலகையில '1,000 சதுர அடி'ன்னு போட்டிருப்பாங்க. கதவைத் திறந்து உள்ள போய் டேப் பிடிச்சு அளந்தா எழுநூத்துச் சொச்சம்தான் வரும். மிச்சம் எங்கேன்னு கேட்டா மாடிப்படி, லிப்ட், வராண்டா, சுவர்த் தடிமன்னு கணக்கு சொல்வாங்க. அதுக்குப் பேரு 'சூப்பர் பில்ட்-அப் ஏரியா'. யாரும் பொய் சொல்லல. ஆனா உண்மையும் சொல்லல.

2016-ல் வந்த ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டம் இதுக்கு ஒரு முடிவு கட்டியது. 'கார்ப்பெட் ஏரியா' என்றால் என்ன என்று சட்டமே வரையறை கொடுத்தது. உள்ளே புழங்கும் பரப்பைச் சொல்லித்தான் விற்க வேண்டும் என்றானது. விளம்பரத்தில் இருந்த தவறான தகவலை நம்பிப் பணம் கட்டி நஷ்டப்பட்டால் ஈடு கொடுக்க வேண்டும் என்று 12-ஆம் பிரிவு சொல்கிறது.

இப்ப என் கேள்வியை வேற மாதிரி கேட்கிறேன். மென்பொருளுக்குக் கார்ப்பெட் ஏரியா எது?

விலையே இல்லாத காலம்

இந்தக் கதைக்கு ஒரு தொடக்க நாள் உண்டு. 1969 ஜூன் 23.

அதுவரைக்கும் பெரிய கணினி வேணும்னா ஐ.பி.எம். மாதிரி கம்பெனிகிட்ட மாத வாடகைக்கு எடுப்பாங்க. மென்பொருள், பயிற்சி, பொறியாளர் வந்து உதவறது எல்லாம் அந்த வாடகைக்குள்ளேயே அடக்கம். மென்பொருளுக்குன்னு தனி விலை கிடையாது. கல்யாணச் சாப்பாட்டுல ரசத்துக்கு யாராவது தனியா பில் போடுவாங்களா? அந்த மாதிரி.

1969 ஜனவரியில் அமெரிக்க அரசு ஐ.பி.எம். மேல் ஏகபோக வழக்குப் போட்டது. அந்த வருஷம் ஜூனில் ஐ.பி.எம். தன் விலைப்பட்டியலைப் பிரித்தது. 17 மென்பொருள்களுக்குத் தனி விலை, பயிற்சிக்குத் தனி விலை, உதவிக்குத் தனி விலை. இதையெல்லாம் வெளியே எடுத்தாச்சே, அப்ப வன்பொருள் விலை எவ்வளவு குறைஞ்சிருக்கணும்? குறைஞ்சது 3 சதவீதம்!

வாடிக்கையாளர்கள் சும்மா விடுவார்களா? இத்தனை நாள் 'அடக்கம்' என்று சொன்னதன் மதிப்பு வெறும் 3 சதவீதம்தானா என்று கேட்டார்கள். ஐ.பி.எம். மென்பொருளுக்குத் தனி விலை வந்த அன்னைக்கே 'இந்த விலைக்குள்ள என்ன அடக்கம்?' என்ற சண்டையும் கூடவே பிறந்துடுச்சு. ரெட்டைப் பிள்ளைங்க மாதிரி.

நல்லதும் நடந்தது. தனி விலை வந்ததால்தான் மென்பொருளை மட்டும் செய்து விற்கும் கம்பெனிகள் தலையெடுக்க முடிந்தது. நாமெல்லாம் இன்னைக்குச் சம்பளம் வாங்குறதுக்கு அந்தப் பிரிவினையும் ஒரு காரணம்.

பெட்டியும் பெட்டிக்குள் காகிதமும்

எண்பதுகளில் வீட்டுக் கணினி வந்ததும் மென்பொருள் பெட்டியில் வர ஆரம்பித்தது. கடையில் அடுக்கி வைத்திருப்பார்கள். எடுத்து, காசு கொடுத்து, பில் வாங்கிக்கொண்டு வரலாம். பார்க்கிறவன் கண்ணுக்கு அது சோப்பு, சீப்பு வாங்குற மாதிரி ஒரு கொள்முதல்.

ஆனா பிளாஸ்டிக் உறையைப் பிரிச்சதும் உள்ள ஒரு காகிதம் இருக்கும். பொடி எழுத்துல 'இது உங்களுக்கு விற்கப்படவில்லை, பயன்படுத்தும் உரிமம் மட்டுமே வழங்கப்படுகிறது' என்கிற ரீதியில நாலு பக்கம். கடைக்காரர் கொடுத்த பில்லுல இருக்கிற சொல் 'விற்பனை'. கம்பெனி உள்ள வச்ச காகிதத்துல இருக்கிற சொல் 'உரிமம்'. ஒரே பொருள், ரெண்டு பேரு.

பிரித்த பிறகுதான் படிக்க முடிகிற நிபந்தனை செல்லுமா? 1996-ல் அமெரிக்க மேல்முறையீட்டு நீதிமன்றம் ஒன்று, தொலைபேசி விவரத் தொகுப்பு இருந்த குறுவட்டு சம்பந்தமான புரோசிடி வழக்கில், செல்லும் என்றது. படித்துப் பார்த்துப் பிடிக்கவில்லை என்றால் திருப்பிக் கொடுக்க வாய்ப்பு இருந்ததே என்பது நீதிமன்றம் சொன்ன காரணம். அதோட பெட்டிக்குள்ள காகிதம் வைக்கிற பழக்கம் ஸ்ட்ராங்கா வேர் விட்டுடுச்சு. 'நான் ஒப்புக்கொள்கிறேன்' பட்டனை நாம படிக்காம அமுக்குற இன்றைய பழக்கத்துக்கு அதுதான் தாத்தா.

நம்ம ஊரில் பெட்டிக்கு இன்னொரு அடையாளம் சேர்ந்தது: எம்.ஆர்.பி. பொட்டலப் பொருள்களுக்கான விதிகள் 1977-லேயே வந்துவிட்டன. 1990-ல் அதில் செய்த திருத்தத்துக்குப் பிறகுதான் அதிகபட்ச சில்லறை விலையை 'எல்லா வரிகளும் உட்பட' என்று அச்சிடுவது கட்டாயமானது. அந்த மூணு வார்த்தையோட அருமை நமக்குத் தெரியாது. விளம்பரத்துல ஒரு விலை, கல்லாவுல ஒரு விலைங்கிற கூத்தை ஒரே வரியில அடக்கின வாசகம் அது.

எங்க வீட்டுக்கு 2008-ல முதல் கம்ப்யூட்டர் வந்தது. அசெம்பிள்டு பெட்டி. அதோட ஒரு ஆன்டிவைரஸ் சிடியும் வந்தது. அட்டையில விலை, 'எல்லா வரிகளும் உட்பட', அதுக்குக் கீழ '1 பிசி, 1 வருடம்'. பதினோரு வயசுல எனக்குப் புரியல. சிடி கைல இருக்கு, உடையல, கீறல் இல்ல, அப்புறம் ஏன் ஒரு வருஷத்துல செத்துப் போகுது? அந்தச் சின்னப் பையனோட கேள்வியைத்தான் பெரிய பெரிய வக்கீலுங்க அதே சமயத்துல கோர்ட்ல கேட்டுக்கிட்டு இருந்தாங்க.

வரி அதிகாரி கேட்ட கேள்வி

முதல் வழக்கு டாட்டா கன்சல்டன்சி சர்வீசஸ் கம்பெனிக்கும் ஆந்திர அரசுக்கும். மென்பொருள் என்பது கண்ணுக்குத் தெரியாத அறிவு, அதைச் சரக்காக நினைத்து விற்பனை வரி போடக்கூடாது என்றது கம்பெனி. ஐந்து நீதிபதிகள் அமர்வு 2004 நவம்பர் 5 அன்று தீர்ப்பு சொன்னது. குறுவட்டில் ஏற்றி, வாங்கவும் விற்கவும் எடுத்துச் செல்லவும் முடிகிற கடைச்சரக்கு மென்பொருள் 'சரக்கு'தான். விற்பனை வரி செல்லும்.

சரி, சரக்குன்னு ஆயிடுச்சு. கதை முடிஞ்சதா? இல்ல.

2008 மே மாதத்தில் தகவல் தொழில்நுட்ப மென்பொருள் சேவை என்று ஒரு புது இனத்தைச் சேர்த்து மத்திய அரசு சேவை வரி கொண்டுவந்தது. இப்போது அதே பெட்டிக்கு மாநிலம் 'இது சரக்கு' என்று வாட் கேட்டது. மத்திய அரசு 'இது சேவை' என்று சேவை வரி கேட்டது. 2010 வாக்கில் தமிழ்நாட்டில் வாட் 4 சதவீதம், சேவை வரி 10.3 சதவீதம். 1,000 ரூபாய்ப் பெட்டிக்குத் தோராயமாக 40 ரூபாய் ஒருவருக்கு, 103 ரூபாய் இன்னொருவருக்கு. ஒரே இட்லிக்கு ஓட்டல்காரரும் பில் போட்டு, பரிமாறினவரும் தனியா பில் போட்டா எப்படி இருக்கும்?

மென்பொருள் விற்பனையாளர்கள் சங்கம் (இன்ஃபோடெக் சாஃப்ட்வேர் டீலர்ஸ் அசோசியேஷன்) நம்ம சென்னை உயர் நீதிமன்றத்துக்குப் போனது. அவங்க வாதம் கடைக்காரர் வாதம். பெட்டியை வாங்குறோம், பெட்டியை விக்கிறோம், சுப்ரீம் கோர்ட்டே சரக்குன்னு சொல்லிடுச்சு, இதுல சேவை எங்கே வந்தது?

அரசு, பெட்டிக்குள் இருந்த காகிதத்தை எடுத்துக் காட்டியது. உரிம ஒப்பந்தத்தைப் படியுங்கள், வாடிக்கையாளருக்கு மென்பொருளின் உடைமை எதுவும் போகவில்லை, பயன்படுத்தும் உரிமை மட்டும்தான் போகிறது என்றது.

2010 ஆகஸ்டில் வந்த தீர்ப்பு ரெண்டு பக்கத்தையும் பார்த்தது. மென்பொருள் சரக்குதான், அதில் சந்தேகம் இல்லை. ஆனால் உரிம ஒப்பந்தத்தோடு கைமாறும்போது வாடிக்கையாளருக்குக் கிடைப்பது பயன்படுத்தும் உரிமை. அதற்குச் சேவை வரி விதிக்கிற சட்டம் செல்லும். எந்தப் பரிமாற்றம் விற்பனை, எது சேவை என்பதை அந்தந்த ஒப்பந்தத்தைப் பார்த்துத்தான் சொல்ல முடியும்.

இதை நான் திரும்பத் திரும்ப யோசிச்சுப் பார்த்திருக்கேன். டீலருங்க பேசினது விளம்பரத்தையும் பில்லையும் வச்சு. அரசு பேசினது உள்ள இருந்த காகிதத்தை வச்சு. ரெண்டுமே அந்தப் பெட்டியோட வந்ததுதான். அப்படின்னா வெளியில எழுதினதும் உள்ள எழுதினதும் ஒண்ணுக்கொண்ணு பொருந்தலன்னுதானே அர்த்தம்? வாங்குறவன் கேட்டிருக்க வேண்டிய கேள்வியை அவனுக்குப் பதிலா வரி அதிகாரி கேட்டார். நாம யாரும் கேட்கல.

அந்த வருஷம் டிசம்பரில் மத்திய அரசு ஒரு வழி கண்டுபிடித்தது. பெட்டியில் சில்லறை விலை அச்சிட்டு, அந்த விலையின் மேல் உரிய கலால் வரியோ இறக்குமதி வரியோ கட்டியிருந்தால் சேவை வரி விலக்கு. எம்.ஆர்.பி. தான் கடைசியில் காப்பாத்துச்சு!

என்னோட ஆன்டிவைரஸ் கேள்விக்குப் பதில் வர இன்னும் ரொம்ப நாள் ஆச்சு. புனேயில் இருக்கும் குவிக் ஹீல் கம்பெனி வழக்கு. ஒரு வருஷத்துக்கு அப்டேட் கொடுத்துக்கொண்டே இருக்கிறீர்களே, அது சேவைதானே என்று வரித்துறை 2011 முதல் 2014 வரைக்கான காலத்துக்குச் சுமார் 56 கோடி ரூபாய் கேட்டது. 2022 ஆகஸ்ட் 5 அன்று உச்ச நீதிமன்றம் ஒத்துக்கொள்ளவில்லை. ஒரே மொத்த விலைக்குக் குறுவட்டை விற்று அதற்கு விற்பனை வரியும் கட்டிய பிறகு, அப்டேட் வருகிறது என்பதைக் காட்டி முழுத் தொகைக்கும் மறுபடி சேவை வரி கேட்க முடியாது என்றது. எளிய தமிழில சொன்னா, அட்டையில போட்ட விலைக்குள்ள அந்த ஒரு வருஷ அப்டேட்டும் சேர்த்தி.

இதுக்குள்ள 2017 ஜூலை 1-ல் ஜி.எஸ்.டி. வந்தாச்சு. பெட்டியில் வந்தாலும் 18 சதவீதம், இணையத்தில் இறக்கினாலும் 18 சதவீதம். வரித்துறைக்கு இப்ப சரக்கா சேவையான்னு மல்லுக்கட்ட வேண்டிய அவசியம் பெரும்பாலும் போயிடுச்சு. வரிக்கு அது நல்லதுதான். ஆனா நமக்காகக் கேள்வி கேட்ட ஒரே ஆளும் எந்திரிச்சுப் போயிட்டார்.

நிரந்தரம் என்றால் எவ்வளவு நாள்?

ஜி.எஸ்.டி. இன்னொரு பாடமும் சொல்லிக்கொடுத்தது. நம்ம ஊர்க் கடைகளிலும் கணக்கர் அலுவலகங்களிலும் டாலி இல்லாத இடம் குறைவு. 1986-ல் தொடங்கிய பெங்களூர்க் கம்பெனி. ஒருமுறை பணம் கட்டினால் உரிமம் நிரந்தரம். ஆனால் புது வெளியீடுகளுக்கு டி.எஸ்.எஸ். என்ற சந்தா உண்டு. அது தீர்ந்தாலும் இருக்கிற பழைய வெளியீட்டை எத்தனை வருஷம் வேணும்னாலும் ஓட்டலாம். 2017-ல் ஜி.எஸ்.டி.க்கான புது வெளியீடு வந்தபோது அதைப் பயன்படுத்த டி.எஸ்.எஸ். நடப்பில் இருக்க வேண்டும் என்று ஆனது.

இதுல ஏமாத்து வேலை எதுவும் இல்ல. சந்தா பத்தி அவங்க வெளிப்படையாவே சொல்லியிருக்காங்க. ஆனா கடைக்காரர் பக்கம் இருந்து பாருங்க. வாட் காலத்து மென்பொருள் அவர்கிட்ட நிரந்தரமா இருக்கு. வாட்தான் இல்ல! மென்பொருள்ல 'நிரந்தரம்'ங்கிற சொல் பொருளுக்கு மட்டும் பொருந்தும், பயனுக்குப் பொருந்தாது. சட்டம் மாறும், விண்டோஸ் மாறும், பிரிண்டர் மாறும். விளம்பரத்துல 'நிரந்தரம்'னு பாத்தா, 'எதுவரைக்கும் உதவும்?'னு ஒரு துணைக்கேள்வி கேட்டுக்கணும்.

கீழ்க்கட்டளையில் இருந்து ஒரு பதில்

பெட்டி போய் வாடகை வந்த கதைக்கு வருவோம். இங்கதான் நம்ம வட்டாரம் உள்ள வருது.

ஸ்ரீதர் வேம்பு, டோனி தாமஸ் கூட்டணியில் 1996-ல் அட்வென்ட்நெட் என்ற பெயரில் தொடங்கி 2009-ல் ஜோஹோ ஆன கம்பெனியின் இந்தியத் தொடக்கம் தாம்பரம் பக்கம் ஒரு சின்ன அபார்ட்மென்டில்தான். பிற்பாடு கூடுவாஞ்சேரிக்குப் பக்கத்தில் ஜி.எஸ்.டி. ரோட்டிலேயே பெரிய வளாகம் வந்தது. அந்தக் கம்பெனியில் வேலை பார்த்தவர் கிரீஷ் மாத்ருபூதம்.

2010 மே மாதம், வாடிக்கையாளர் புகார்களைக் கையாளும் மென்பொருளை மாத வாடகைக்கு விடும் ஜென்டெஸ்க் என்ற கம்பெனி திடீரென்று விலையை ஏற்றியது. சிலருக்கு 60 சதவீதம், சிலருக்கு 300 சதவீதம் வரை என்று அப்போது பேசப்பட்டது. ஏற்கெனவே பயன்படுத்திக்கொண்டிருந்தவர்களுக்கும் சேர்த்து. பெரிய கூச்சல். ரெண்டொரு நாளில் கம்பெனி மன்னிப்புக் கேட்டு, பழைய வாடிக்கையாளர்களுக்குப் பழைய விலையையே விட்டுக்கொடுத்தது.

அந்தச் செய்தியையும் அதுக்குக் கீழ ஜனங்க போட்ட சண்டையையும் கிரீஷ் படித்தார். அதே 2010-ல் ஷான் கிருஷ்ணசாமியோடு சேர்ந்து ஃப்ரெஷ்டெஸ்க் தொடங்கினார். கீழ்க்கட்டளையில் ஒரு சின்ன இடம், ஆறு பேர். 2017-ல் பெயர் ஃப்ரெஷ்வொர்க்ஸ் ஆனது. 2021 செப்டம்பர் 22 அன்று பங்கு ஒன்று 36 டாலர் என்று நாஸ்டாக்கில் பட்டியலானது.

இந்தக் கதையை எல்லாரும் 'கீழ்க்கட்டளை டு நாஸ்டாக்'னு தன்னம்பிக்கைக் கதையா சொல்றாங்க. எனக்கு இது விலைக் கதை. வாடகை மென்பொருள்ல விலை நம்ம கையில இல்ல, அது எந்த மாசமும் மாறலாம்ங்கிற உண்மை விளம்பரத்துல இல்ல. அது வெளிய வந்த நாள்ல ஒரு போட்டிக் கம்பெனியே பிறந்துடுச்சு. நேர்மைக்குச் சட்டம் மட்டும் காவல் இல்ல, பக்கத்துக் கடையும் காவல்தான்.

அதுக்காக நம்ம ஊர்க் கம்பெனிகள் எல்லாம் அரிச்சந்திரன்னு சொல்ல மாட்டேன். 'ஒருவருக்கு மாதம் இவ்வளவு' என்று பெரிய எழுத்து, 'ஆண்டுக்கணக்கில் கட்டினால்' என்று சின்ன எழுத்து. இது உலகம் முழுக்க இருக்கிற வழக்கம், இங்கேயும் உண்டு. நிபந்தனையைத் திறந்து சொன்னதுக்கும் இங்கேயே உதாரணம் இருக்கு. 2017-ல் ஜோஹோ ஒன் வந்தபோது ஆண்டுக்கணக்கில் ஊழியருக்கு மாதம் 30 டாலர் என்றார்கள். கூடவே, கம்பெனியில் இருக்கும் எல்லா ஊழியருக்கும் வாங்கினால்தான் அந்த விலை என்பதையும் விளம்பரத்திலேயே சொன்னார்கள். நிபந்தனை இருக்கிறது தப்பே இல்ல. அதை எந்த இடத்துல சொல்றோம்ங்கிறதுதான் விஷயம்.

499 எப்படி 884 ஆகிறது

சிட்லபாக்கத்துல எங்க அத்தை ஒரு டியூஷன் சென்டர் நடத்துறாங்க. பசங்க வருகை, ஃபீஸ் கணக்கு பாக்க ஒரு மென்பொருள் எடுத்தாங்க (பேர் வேண்டாம்). விளம்பரம்: 'மாதம் 499 ரூபாய் மட்டும்!' பில்லைக் கையில கொடுத்துட்டு அத்தை கேட்டாங்க: "ஏன்டா, நீயும் இந்தத் தொழில்லதான இருக்க? 499-னு போட்டுட்டு பத்தாயிரத்துக்கு மேல பில் போட்டா அது எந்த ஊரு கணக்குடா?"

பிரிச்சுப் பாத்தேன். மாசம் 499, ஆனா வருஷத்துக்கு மொத்தமா கட்டணும்: 5,988. அதுக்கு 18 சதவீதம் ஜி.எஸ்.டி.: 1,078. ஒரு தடவை 'அமைப்புக் கட்டணம்' வரியோட 2,360. பெத்தவங்களுக்கு எஸ்.எம்.எஸ். போக ஒரு பேக், வரியோட 1,180. ஆக மொத்தம் 10,606 ரூபாய். பன்னெண்டால வகுத்தா மாசம் 884.

விளம்பரத்துல இருந்த 499 பொய்யா? இல்ல, பில்லுலயும் அது அப்படியே இருக்கு. 'மட்டும்'ங்கிற சொல்தான் பொய். "வரிய விடுடா, அது கவர்மென்ட்டுக்குப் போறது. மெசேஜ் போகாத டியூஷன் சாஃப்ட்வேர் எதுக்குடா எனக்கு?"ன்னாங்க அத்தை. அதைவிடத் தெளிவா நான் இந்தப் பதிவுல எதுவும் சொல்லிடல.

சட்டம் வந்து சேர்ந்த இடம்

இந்த வகை வேலைகளுக்கு இந்தியாவில் இப்போது பெயர் வைத்திருக்கிறார்கள். 2023 நவம்பர் 30 அன்று மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 'டார்க் பேட்டர்ன்' வழிகாட்டுதல்களை அறிவித்தது. 13 வகை. விலையை மொத்தமாகச் சொல்லாமல் சொட்டுச் சொட்டாக ஏற்றுவது ஒன்று. வெளியேறவே முடியாத சந்தாப் பொறி ஒன்று. வாடகை மென்பொருளுக்காகவே தனியாக ஒன்று: இலவசச் சோதனைக் காலம் முடிந்ததும் சொல்லாமல் கொள்ளாமல் பணம் எடுப்பது போன்றவை. 'இலவசமாக செஸ் ஆடுங்கள்' என்று விளம்பரம் செய்துவிட்டு ஏழு நாள் கழித்துக் காசு கேட்கும் செயலியை அந்த ஆவணமே உதாரணமாகக் காட்டுகிறது.

அதுக்கு முன்னாடியே அதிகம் சத்தம் போடாம ஒரு நல்ல காரியம் செய்தது ரிசர்வ் வங்கி. 2021 அக்டோபர் 1 முதல், கார்டில் இருந்து தானாகப் பணம் பிடிப்பதற்கு 24 மணி நேரம் முன்னால் நமக்குத் தகவல் வர வேண்டும். மறந்தே போன எத்தனை சந்தாக்களை அந்த ஒரு குறுஞ்செய்தி ஞாபகப்படுத்தியிருக்கும்! விளம்பரம் சொல்லாததைப் பேங்க் சொல்லுது.

அமெரிக்காவில் 2024 ஜூனில் அடோபி மேல் அந்நாட்டு வர்த்தக ஆணையம் வழக்குக்குப் போனது. மாதாமாதம் கட்டுகிற ஆண்டுத் திட்டத்தில் நடுவில் விலகினால் கட்டணம் உண்டு என்பதைச் சின்ன எழுத்தில் மறைத்தார்கள் என்பது குற்றச்சாட்டு. அதே 2024-ல் கலிபோர்னியா ஒரு சட்டம் போட்டது. 2025 ஜனவரி 1 முதல் நடைமுறை. விற்பவர் பின்னால் பறித்துக்கொள்ள முடிகிற டிஜிட்டல் பொருளுக்கு 'வாங்குங்கள்' என்று சும்மா பட்டன் வைக்கக்கூடாது. வைத்தால், இது உரிமம்தான் என்று தெளிவாகச் சொல்லியாக வேண்டும்.

பாத்தீங்களா, பெட்டிக்குள்ள ஒளிஞ்சிருந்த காகிதம் ஒருவழியா வெளி அட்டைக்கு வந்திருக்கு. அரை நூற்றாண்டு ஆச்சு.

ஆக...

என் முடிவு இது. மென்பொருள் விளம்பரத்துல எண் பெரும்பாலும் பொய் சொல்றதில்ல. எண்ணுக்குப் பக்கத்துல இருக்கிற சொல்தான் ஏமாத்துது: 'வாங்குங்கள்', 'மட்டும்', 'நிரந்தரம்', 'இலவசம்'. இந்த நாலு சொல்லும் வர்ற இடத்துல பேனாவை எடுத்துச் சுழிச்சு வச்சுக்கிட்டு அஞ்சு கேள்வி கேளுங்க:

1. முதல் வருஷம் வரியோட மொத்தம் எவ்வளவு? ரெண்டாவது வருஷம் எவ்வளவு?
2. எத்தனை ஆளுக்கு, எத்தனை கம்ப்யூட்டருக்கு?
3. அப்டேட்டும் உதவியும் எத்தனை நாளைக்கு அடக்கம்?
4. பணம் கட்டுறதை நிறுத்தினா மென்பொருள் ஓடுமா? என் தரவு என் கைக்கு வருமா?
5. விலை ஏறினா எத்தனை நாள் முன்னாடி சொல்வாங்க?

இந்த அஞ்சுக்கும் பதில் விலைக்குப் பக்கத்துலேயே, அதே அளவு எழுத்துல இருந்தா அது நேர்மையான விளம்பரம். அதுதான் மென்பொருளோட கார்ப்பெட் ஏரியா. வீட்டுக்கு 2016-ல ஒரு சட்டம் இதை வரையறுக்க முடிஞ்சதுன்னா மென்பொருளுக்கும் முடியும். நம்ம தொழில்ல இருக்கிறவங்க சட்டம் வர்ற வரைக்கும் காத்திருக்கணும்னு அவசியமும் இல்ல. விலைப்பக்கத்தைச் செய்யறது நாமதானே? அந்தச் சின்ன எழுத்தோட அளவை 10-ல இருந்து 16 ஆக்க ஒரு வரி நிரல் போதும்.

டிஸ்கி 1: நான் வக்கீல் இல்லீங்கோ. தீர்ப்புகளைப் பொட்டி தட்டுறவன் புரிஞ்சுக்கிட்ட அளவுல சொல்லியிருக்கேன். வரித்துறை ஆளுங்க, ஆடிட்டருங்க யாராவது படிச்சா விட்டுப்போனதைச் சேர்த்துச் சொல்லுங்க.

டிஸ்கி 2: அத்தை எஸ்.எம்.எஸ். பேக்கை மட்டும் நிறுத்திட்டு வாட்ஸப் குரூப் ஆரம்பிச்சுட்டாங்க. மாசம் 884 இப்ப 785 ஆயிருக்கு. இன்னமும் 499 ஆகல :-)